பழைய வண்டியின் முன் சக்கரங்களைப் பற்றி

அந்தமானில் நாம் கையாளும் பொருள்களில் பெரும்பகுதி கடலைக் கடந்தே வருகிறது என்பது எல்லோரும் அறிந்த விஷயம். ஆனால் அந்தக் கடல் ஒரு மோட்டார் வண்டியின் இடது முன் சக்கரத்துக்கும் வலது முன் சக்கரத்துக்கும் இடையே எத்தகைய வேற்றுமையை உண்டாக்கிவிடக்கூடும் என்பதை, பழைய வண்டிகளை வைத்துப் பராமரிக்கும் சிலரையும் அவற்றைப் பழுது பார்க்கும் மிகச் சிலரையும் தவிர, வேறு யாரும் எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. சென்னை நமக்கு ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். கல்கத்தா 1,255 கிலோமீட்டர். இரண்டு துறைமுகங்களிலிருந்தும் கப்பல்கள் ஹேடோ துறைக்கு வருகின்றன. இரண்டிலிருந்தும் ஜனங்கள் வந்து குடியேறியிருக்கிறார்கள். இரண்டிலிருந்தும் உதிரி பாகங்கள் வந்து இறங்குகின்றன. தமிழ் அன்பர் ஒருவருடைய வண்டியின் இடப்பக்கத்து ஸ்பிரிங், சென்னைப் புதுப்பேட்டையில் உடைத்துப் போட்ட வண்டி ஒன்றிலிருந்து கழற்றப்பட்டு, உறவினர் ஒருவரின் பெட்டியோடு கப்பலேறி வந்ததாக இருக்கலாம். நான்கு வருஷம் கழித்து வலப்பக்கத்து ஸ்பிரிங் முறிந்தபோது, அவசரத்தின் நிர்ப்பந்தத்தால், கல்கத்தா மல்லிக் பஜாரிலிருந்து வங்காள நண்பர் ஒருவர் வாங்கி அனுப்பியதாக இருக்கலாம். இரண்டும் அந்த வண்டியில் மாட்டிக்கொண்டன, வண்டியும் ஓடுகிறது. ஓடுகிறது என்பதாலேயே விஷயம் முடிந்துவிட்டதாக எல்லோரும் கருதிவிடுகிறார்கள். அவ்வாறு கருதுவது அபாயம் என்பதும், ஐம்பது வயது கடந்த வாகனங்களுக்குச் சட்டத்தில் தனி ஸ்தானம் கொடுத்திருக்கும் அரசாங்கம் இந்த ஓர் அம்சத்தைக் கவனியாமல் விட்டிருக்கிறது என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

பழைய வண்டி என்று சொல்லும்போது, தமிழ்நாட்டுக்கு உரிமையுள்ள ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வதே பொருத்தம். சென்னைக்குத் தெற்கே, பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கத்தில், ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற ஸ்தாபனம், நாடு சுதந்திரம் பெற்ற அடுத்த சில ஆண்டுகளிலேயே மோட்டார் கார்களை உற்பத்தி செய்யத் தலைப்பட்டது. அங்கே முதலில் வாங்கார்டும், பிறகு ஸ்டாண்டர்ட் டென்னும், 1961-ல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் வெளிவந்தன. இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ப் ஹெரால்ட் என்ற பெயரில் தோன்றிய வண்டி இது. உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான மிகெலாட்டி. உடற்கூட்டையும் அடிச்சட்டத்தையும் ஒன்றாகப் பற்றவைக்கும் புதிய வழக்கம் பரவிவந்த அந்தக் காலத்தில், ஹெரால்ட் மட்டும் தனி அடிச்சட்டத்தின் மேல் உடற்கூட்டின் பகுதிகளை போல்ட் போட்டு முடுக்கிய வண்டியாக வந்தது. அதனால் தொலைதேசங்களில் பகுதி பகுதியாக இறக்கிச் சேர்ப்பதற்கு அது மிகவும் சௌகரியமாக இருந்தது. இன்றைக்கும் அதைக் கழற்றிப் பார்ப்பதற்குச் சௌகரியமாக இருப்பதும் அதனாலேயே. பிற்காலத்தில் நான்கு கதவுகளோடும் அது வந்தது. 1972-ல் கெஸல் என்ற பெயரில் புதிய உருவம் எடுத்தது. அறுபதுகளின் சென்னையில் டாக்டர்களும் வக்கீல்களும் விரும்பி ஓட்டிய அந்த வண்டியைக் கண்டால், இன்றும் வயதான தமிழர்கள் நடையை நிறுத்திவிட்டு நின்று பார்க்கிறார்கள்.

ஹெரால்டின் விசேஷம் என்னவென்றால், அதன் பானெட் மட்டுமன்றி, மட்கார்டு, விளக்குகள் உட்பட முன் பகுதி முழுவதும் ஒரே மூடியாக முன்னோக்கிச் சாய்ந்து திறந்துகொள்ளும். அப்படித் திறந்தவுடன், மற்ற வண்டிகளில் குழியில் இறங்கியோ ஜாக்கி போட்டுத் தரையில் படுத்தோ பார்க்க வேண்டிய முன் சஸ்பென்ஷன் அனைத்தும், இரு பக்கமும், நின்ற நிலையிலேயே கண்ணுக்குப் பிரத்தியட்சமாகத் தெரிகிறது. மேலே ஓர் அப்பர் ஆர்ம், கீழே ஒரு லோயர் ஆர்ம். இரண்டுக்கும் நடுவே சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான எஃகுத் தண்டு. அந்தத் தண்டின் மேல் முனையில் பால் ஜாயிண்ட். கீழ் முனையில் டிரன்னியன் என்ற செம்புக் கலவை உலோகக் கட்டை. இவற்றோடு, ஷாக் அப்சார்பரைச் சுற்றி அமைந்த காயில் ஸ்பிரிங். இவ்வளவுதான் அமைப்பு. எளிமையும் உறுதியும் சேர்ந்த இந்த அமைப்பின் தண்டுகளை லோட்டஸ் ஸ்தாபனத்தார் தம்முடைய பந்தயக் குணமுள்ள கார்களுக்கே எடுத்துக்கொண்டார்கள் என்றால், அதன் தரத்துக்கு வேறு நற்சாட்சிப் பத்திரம் வேண்டியதில்லை.

இந்த அமைப்பின் ஜீவநாடி டிரன்னியனில் இருக்கிறது. செங்குத்துத் தண்டின் அடிப்பகுதியில் மரை வெட்டப்பட்டிருக்கிறது. அந்த மரை டிரன்னியனுக்குள் ஏறி உட்காருகிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம், ஒரு ஸ்குரூ முடுக்கப்படுவதும் தளர்வதுமாக, தண்டு அந்த மரையிலேயே சுழல்கிறது. வண்டியின் முன்பாரமும் பள்ளத்தில் விழும் அடியும் இந்த மரையின் மேலேயே இறங்குகின்றன. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இயங்க வேண்டும் என்பதற்காக, வலப்பக்கத்துக்கு வலது மரையும் இடப்பக்கத்துக்கு இடது மரையும் வைத்தே தயாரித்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பார்க்கத் தெரிந்தவனுக்கு மட்டும் வித்தியாசம் உடனே புலப்படும்: தண்டை நிமிர்த்திப் பிடித்து மரையின் கோடுகளைக் கவனித்தால், வலது மரையில் அவை இடமிருந்து வலமாக மேலேறிச் செல்லும், இடது மரையில் வலமிருந்து இடமாக மேலேறும். இதற்குக் கருவி எதுவும் அவசியமில்லை. கிரீஸைத் துடைக்க ஒரு துணியும் நல்ல வெளிச்சமும் போதும்.

புதிய டிரன்னியன் ஒன்றைப் பக்கம் தவறி வாங்கி வந்துவிட்டால், அது தண்டில் ஏறாமல் தொடக்கத்திலேயே மறுத்துவிடும். பொறுமையுள்ள மெக்கானிக் அங்கேயே நிறுத்திக்கொள்வான். பொறுமையற்றவன் பெரிய ஸ்பானரை மாட்டிப் பலத்தைக் காட்டி, இரண்டு மரையையும் கெடுத்துவிடுவான். இதைக்காட்டிலும் கவலை தருவது, தண்டும் டிரன்னியனும் சேர்ந்த முழு ஜோடியையே பழைய வண்டியிலிருந்து கழற்றி வாங்கி, வலப்பக்கத்துக்கு உரியதை இடப்பக்கத்தில் மாட்டிவிடுவது. அப்போது மறுப்புச் சொல்ல மரை அங்கே இல்லை. சக்கரம் சுழலும், ஸ்டியரிங் திரும்பும், வண்டி பட்டறையை விட்டு வெளியே போய்விடும். ஆனால் திருப்பும் அசைவு இரு பக்கமும் ஒன்றுக்கொன்று ஒத்து நடப்பதில்லை. அதுமட்டுமல்ல, டிரன்னியனை முழுவதும் ஏற்றிவிட்டு, பிறகு சிறிது பின்வாங்கி, சக்கரம் இரு புறமும் முழுமையாகத் திரும்பும்போது மரை அடியில் முட்டாதபடி வைக்க வேண்டும் என்பது பொருத்தும் முறை. எந்தப் பக்கத்து மரை என்பதே தெரியாமல் பொருத்துகிறவன் அந்தப் பின்வாங்கும் அளவை எப்படிச் சரியாகக் கணிப்பான்? இன்னும் சில ஆண்டுகள் சென்று வேறொரு மெக்கானிக், கையேட்டை நம்பி, இடப்பக்கத்துக்கு இடது மரை டிரன்னியனையே ஒழுங்காக வரவழைத்தால், மூன்று நாள் கடற்பிரயாணம் செய்து வந்த அந்தப் பொருள் ஏறாமல், குற்றம் கடைக்காரன் தலையில் விழும்.

எண்ணெயின் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரு பக்கமும் ஒவ்வாமல் போவதற்கு அதுவும் ஒரு மூலகாரணம். டிரன்னியனுக்கு இட வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில் என்று தயாரித்தவர்களே விதித்திருக்கிறார்கள். நம் பட்டறைகளில் நிப்பிளைக் கண்டால் கிரீஸ் கன்னை வைத்து அழுத்துவது சம்பிரதாயமாகிவிட்டது. கெட்டியான கிரீஸ் மரையின் உள்ளிடுக்குகள் வரை சென்று படிவதில்லை. உலர்ந்த இடத்தில் ஈரம் புகுந்து எஃகு துருப்பிடிக்கிறது. துருப்பிடித்த தண்டு மரை தொடங்கும் இடத்தில் ஒருநாள் முறிகிறது. வருஷத்தில் ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்து, மழை ஓய்ந்த காலத்தில் உப்புக் காற்று வீசும் இந்தத் தீவுகளில் அந்தத் துரு எத்தனை வேகமாக வேலை செய்யும் என்பதை, வீட்டு ஜன்னல் கம்பிகளைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மேலும், ஹெரால்டின் இன்னொரு பெருமை, 25 அடி விட்டமுள்ள வட்டத்துக்குள் திரும்பிவிடுவது. அதற்காக அதன் முன் சக்கரங்கள் மற்ற வண்டிகளைவிட அதிகக் கோணத்தில் மடங்கும். நம் நகரமோ மேடும் பள்ளமும் வளைவுமானது. 2024 செப்டம்பரில் அரசாங்கம் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றிய பின்னும் நாவில் போர்ட் பிளேயராகவே நிற்கும் இந்த ஊரில், அபர்தீன் பஜாரிலிருந்து எந்தத் திக்கில் புறப்பட்டாலும் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மேட்டில் ஏற வேண்டிய இடம் ஒன்று வந்தே தீரும். டிரன்னியன் மரைக்கு அதிகபட்ச உழைப்பு கொடுக்கும் நிலையும் அதுதான். பலவீனப்பட்ட தண்டு பெரும்பாலும் அதிவேகத்தில் அல்ல, மெதுவாகச் சென்று முழுக்கத் திருப்பும் அந்தத் தருணத்திலேதான் முறிகிறது. முறிந்தால் சக்கரம் வெளிப்புறமாக மடங்கி வண்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிடும். ஒரு பக்கம் முறிந்தபின் அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றி, அதே வயதும் அதே துருவும் உள்ள மறுபக்கத்தை அப்படியே விட்டுவிடுவதுதான் நடைமுறையில் நாம் காண்பது.

நண்பர் ஒருவர் சென்னையிலிருந்து கப்பலில் கொண்டுவந்த ஹெரால்ட் ஒன்று சில காலமாகவே வலப்பக்கம் சிறிது தாழ்ந்து நின்றது. டயரின் உட்புறம் ஒரு சக்கரத்தில் மட்டும் தேய்ந்தது. அலைன்மென்ட் பார்க்கப்பட்டது, தேய்மானம் நிற்கவில்லை, மறுபடியும் பார்க்கப்பட்டது. கடைசியில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் வண்டி போய்ச் சேர்ந்தது. ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து இளவயதில் வந்து இங்கேயே தங்கிவிட்டவர். ஜீப்பிலும் அம்பாசடரிலும் கை பழகியவர். அவர் அலைன்மென்ட் கருவியின் பக்கம் போகவே இல்லை. சமதளமான சிமெண்ட் தரையில் வண்டியை நிறுத்தச் சொல்லி, நான்கு டயரிலும் காற்றைச் சமன்படுத்தி, ஓர் அளவு நாடாவை எடுத்து, இடப்பக்கம் முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடுவரை அளந்தார். பிறகு வலப்பக்கம் அவ்வாறே அளந்தார். ஹெரால்டுக்கு அந்தத் தூரம் 91.5 அங்குலம், அதாவது சுமார் 232 சென்டிமீட்டர். இரு பக்கமும் ஒன்றாகவே இருந்தது. "சேஸிஸ் வளையல சார், இனிமே பார்ட்டைத்தான் சந்தேகப்படணும்" என்றார்.

அடிச்சட்டம் வளைந்த வண்டியும் பாகம் ஒவ்வாத வண்டியும் வெளியே காட்டும் லக்ஷணங்கள் ஒன்றேயாகையால், முதலில் அடிச்சட்டத்தின் மீதுள்ள சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளாமல் பாகங்களைக் குறை சொல்லக்கூடாது என்ற நியாயம் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருந்தது. பிறகு முன் மூடியைச் சாய்த்துத் திறந்தார். லோயர் ஆர்ம் அடிச்சட்டத்தோடு சேரும் இடத்தில், கேம்பர் என்ற சக்கரச் சாய்வைச் சரிசெய்வதற்காக மெல்லிய ஷிம் தகடுகள் வைப்பது வழக்கம். இடப்பக்கம் ஒரே தகடு இருந்தது. வலப்பக்கம் நான்கு இருந்தன. எங்களைக் கூப்பிட்டு அதைக் காட்டினார். "இது தானா வராது சார். யாரோ சாய்வை மறைக்கத் தகடு போட்டிருக்காங்க." கடைசியாக ஸ்பிரிங்கில் கைவைத்தார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே கறுத்துக் கிடந்தன; ஆனால் வெர்னியர் அளவுகோலின் தாடையில் இடது ஸ்பிரிங்கின் கம்பி வலதைவிடத் தெளிவாகப் பருமனாக இருந்தது; சுற்றுகளின் எண்ணிக்கையும் ஒத்துவரவில்லை. இடப்பக்கத்து ஸ்பிரிங் வேறு ஏதோ வண்டிக்கென்று செய்யப்பட்டது. அந்தப் பருமனான ஸ்பிரிங் தன் பக்கத்தை உயர்த்திவைக்க, மறுபக்கம் தாழ்ந்தது. தாழ்ந்த பக்கத்தைக் குற்றவாளியாக எண்ணி முன்பு யாரோ தகடு சேர்க்க, சக்கரத்தின் அடி வெளியே தள்ளப்பட்டு, டயர் உட்புறம் தேய்ந்தது. குற்றம் ஒரு பக்கத்திலும் தண்டனை மற்றொரு பக்கத்திலுமாக இத்தனை நாள் நடந்துகொண்டிருந்தது. உயரம் ஒவ்வாத இரண்டு காளைகளை ஒரே நுகத்தில் பூட்டினால், இளைப்பது எந்தக் காளை என்று பார்த்து அதற்கே வைத்தியம் செய்வதைப் போன்ற காரியம் அது.

இங்கிலாந்தில் இன்றும் டிரையம்ப் வண்டிகளுக்குப் பாகங்கள் கிடைக்கின்றன. அவற்றை வரவழைக்கும் வசதி இப்போது நம்மவர்களுக்கும் இருக்கிறது. ஆனால் இந்த வசதியே புதிய குழப்பத்துக்கும் வித்தாகிறது. ஹெரால்டின் முன் அமைப்பைக் கொண்டே 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற இரட்டை இருக்கை வண்டியையும், ஆறு சிலிண்டர் என்ஜின் பொருத்திய வைடெஸ்ஸையும், 1966-ல் ஜிடி6-ஐயும் டிரையம்ப் ஸ்தாபனம் வெளியிட்டது. எல்லாம் ஒரே குடும்பம். எல்லாம் ஒரே இடத்தில் மாட்டும். ஆனால் பாரம் வேறு, உயரம் வேறு. ஆகவே ஸ்பிரிங்கின் வலுவும் வேறு. ஜிடி6-ன் சக்கரத் தண்டும் பேரிங்கும் ஹெரால்டினுடையதைவிடப் பருமனானவை. 'டிரையம்ப் முன் ஸ்பிரிங் இரண்டு' என்று மட்டும் எழுதி அனுப்பினால், நான்கு வண்டிகளில் எதற்குரியது வந்து இறங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இரண்டும் ஒன்றாக வந்தாலாவது வண்டி சமமாக நிற்கும். ஒன்றை மட்டும் வரவழைத்து ஒன்றைப் பழையதாகவே வைத்துக்கொள்ளும் சிக்கனம்தான் பெரும் தீங்கு.

அம்பாசடரின் நிலை சிறிது வேறு. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 மே மாதம் வரை வந்த அந்த வண்டி, இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்தது; அதன் முன்பாரத்தைத் தாங்குவது காயில் ஸ்பிரிங் அல்ல, தரையின் அடியில் நீளவாட்டில் செல்லும் டார்ஷன் பார் என்ற எஃகுக் கம்பி. பாரம் ஏறும்போது அந்தக் கம்பி முறுக்கிக்கொள்கிறது. இடப்பக்கத்துக் கம்பி ஒரு திசையிலும் வலப்பக்கத்துக் கம்பி எதிர்த்திசையிலும் முறுக்கிப் பழகுகின்றன. பல வருஷம் ஒரு திசையில் பழகிய கம்பியை எடுத்து மறுபக்கத்தில் போட்டு எதிர்த்திசையில் முறுக்கினால், அது தளர்ந்துபோவதும் முறிவதும் இயல்பு. கழற்றும்போதே சுண்ணாம்பாலோ பெயிண்டாலோ இடம் வலம் குறித்துக்கொள்ளும் ஒழுங்கு நல்ல பட்டறைகளில் இருந்தது. நான் பார்த்த சில இடங்களில் இப்போது அது இல்லை. தவிர, அம்பாசடரின் வெளித்தோற்றம் அரை நூற்றாண்டு மாறாமலிருக்க, உள்ளே பெட்ரோல் என்ஜினும் டீசல் என்ஜினும் பிறகு இசுஸு என்ஜினும் மாறி மாறி வந்தன. ஆகையால் ஆண்டையும் என்ஜினையும் சொல்லாமல் முன்பக்கத்துப் பாகம் எதையும் வாங்குவது யுக்தமல்ல.

இந்தத் தீவுகளில் நெடுங்காலம் உழைத்த ஜீப்பிலும் இடம் வலம் என்ற பேதம் உண்டு. போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் இடப்பக்கத்து முன் ஸ்பிரிங் பட்டைகளோடு கூடுதலாக ஒரு துணைப்பட்டை சேர்த்திருந்தார்கள். பட்டைகளைத் தொங்கவிடும் ஷேக்கிள்களில் சிலவற்றுக்கு மாத்திரம் ஒரு காலில் இடது மரை வெட்டி, அதை அடையாளம் காண்பதற்காக ஒரு சிறு குமிழையும் வைத்திருந்தார்கள். யுத்த அவசரத்தில், லட்சக்கணக்கில் வண்டி செய்தவர்கள்கூட, எங்கோ ஒரு காட்டில் இருட்டில் கைத்தடவிப் பழுது பார்க்கப்போகும் சிப்பாயின் விரலுக்கு அகப்படும்படி ஒரு குமிழை வைக்க மறக்கவில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பும் மரியாதையும் தரும் விஷயம்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். சொந்த உபயோகத்துக்கான காரின் பதிவு பதினைந்து வருஷம் செல்லும். அதன் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வண்டியைப் பரிசோதித்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2021 ஜூலையில் மத்திய அரசாங்கம் மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் செய்து, முதற்பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த, சொந்த உபயோகத்துக்கான இருசக்கர, நான்குசக்கர வாகனங்களைப் பாரம்பரிய வாகனங்களாகத் தனியே பதிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தது. அந்தப் பதிவு பத்து ஆண்டு செல்லும், புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துக்கள் வரும். அன்றாடப் போக்குவரத்துக்கு அந்த வண்டியை உபயோகிக்கக்கூடாது. பழைய வண்டிகளைக் கழிவு இரும்பாக்கும் கொள்கை பேசப்படும் காலத்தில் இப்படியொரு புகலிடம் கிடைத்ததை நான் மனப்பூர்வமாக வரவேற்கிறேன். சென்னையில் பிறந்த ஹெரால்ட் ஒவ்வொன்றும், கெஸலுக்கு முந்தியவை அனைத்தும், இன்று அந்த ஐம்பது வயதைத் தாண்டிவிட்டன.

ஆனால் அந்த விதியின் வாசகத்தைக் கவனியுங்கள். வண்டி அதன் மூல உருவத்தில் இருக்க வேண்டும், அடிச்சட்டத்திலோ உடற்கூட்டிலோ என்ஜினிலோ பெரும் மாறுதல் செய்திருக்கக்கூடாது என்கிறது விதி. அடிச்சட்டம், உடற்கூடு, என்ஜின் என்ற மூன்றைச் சொன்னவர்கள், சாலையில் அந்த வண்டியைப் பிடித்து நிறுத்தும் முன் சஸ்பென்ஷனைப் பெயரிட்டுச் சொல்லவில்லை. வண்டியைப் பார்க்க வரும் கமிட்டியார் எண் பலகையையும் என்ஜின் நம்பரையும் சரிபார்த்து, பெயிண்டின் பளபளப்பை வியந்து, கையொப்பமிட்டுவிட்டுப் போவதற்கு விதியில் தடை ஏதுமில்லை. இடது ஸ்பிரிங் ஒரு வண்டியுடையதாகவும் வலது ஸ்பிரிங் வேறொரு வண்டியுடையதாகவும் இருக்கும் ஹெரால்ட், இந்த விதியின்படி, பூரணமான பாரம்பரிய வாகனமாகவே விளங்கும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் சாதாரணப் பரிசோதனையிலும் பிரேக்கையும் விளக்கையும் புகையையும் பார்க்கும் அளவுக்கு இடத்தையும் வலத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் இல்லை.

இதற்கு ஓர் ஆட்சேபம் சொல்லப்படும் என்பதை அறிவேன். "மூலப் பாகம் எங்கே ஐயா கிடைக்கிறது? உற்பத்தி நின்று எத்தனையோ காலமாயிற்று. தீவில் இருந்துகொண்டு கிடைத்ததை மாட்டாமல் வேறென்ன செய்வது?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, அதைக் கேட்கும் உரிமையாளர்களில் பலர் செல்வந்தர்களும் அல்லர், தந்தை ஓட்டிய வண்டியை விற்க மனமின்றி வைத்திருப்பவர்கள். நான் மூலப் பாகம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. பெருங்களத்தூர் முத்திரை குத்திய ஸ்பிரிங் கிடைக்காவிட்டால், நல்ல பட்டறையில் அளவு சொல்லிச் செய்துகொண்ட ஸ்பிரிங் இருக்கட்டும். ஆனால் இரண்டும் ஒரே கம்பியில், ஒரே நீளத்தில், ஒரே நாளில் செய்ததாக இருக்கட்டும். இங்கிலாந்திலிருந்து வரும் டிரன்னியன் இருக்கட்டும். இடப்பக்கத்துக்கு இடது மரையாக இருக்கட்டும். கிடைத்ததை மாட்டுவது ஏழ்மையினால் வந்த நிர்ப்பந்தம் என்றால், ஒன்றுக்கொன்று ஒவ்வாததை மாட்டுவது அறியாமையினால் வருவது. முந்தியதற்கு நாம் அனுதாபப்படலாம், பிந்தியதைப் போதித்துத் திருத்தலாம்.

போதிப்பதற்கு ஆள் இல்லையென்றும் சொல்ல முடியாது. இடதுகை மரையை விரலால் தடவியே சொல்லக்கூடிய மெக்கானிக்குகள் இந்த நகரத்தில் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய பட்டறைகளில் இளைஞர்கள் குறைந்துவிட்டார்கள். நம் தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் படிப்பவர்களுக்குக் கற்பிப்பது பெரும்பாலும் இப்போது ஓடும் வண்டிகளைப் பற்றி, அது அவசியமே. ஆயினும் வருஷத்தில் சில தினங்கள் இந்த வயோதிகர்களில் ஒருவரை அங்கே அழைத்து, ஒரு பழைய வண்டியின் முன்பக்கத்தை மாணவர்கள் முன்னிலையில் கழற்றிச் சேர்க்கச் செய்தால், அந்த அறிவு அவர்களோடு போய்விடாமல் நிலைக்கும். பாகம் விற்பவர்களும் ஒரு காரியம் செய்யலாம்: பில்லில் 'ஸ்பிரிங் ஒன்று' என்று எழுதுவதற்குப் பதில், எந்த வண்டி, எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்று எழுதிக் கொடுக்கலாம். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ புதுப்பேட்டையிலோ கேட்டு வாங்கப் போகும் உறவினரிடம், பெயரைச் சொல்லி அனுப்புவதைக்காட்டிலும், பழைய பாகத்தையே கழற்றிக் கொடுத்தனுப்புவது உத்தமம். அதற்குள் வண்டி சில வாரம் நிற்க நேர்ந்தாலும் நிற்கட்டும்.

அந்தமான் போக்குவரத்து இயக்ககத்தாரிடம் என் வேண்டுகோள் இது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டி ஒன்று ஏ.என். பதிவின் கீழ் பாரம்பரிய வாகனமாகப் பதியப்படும்போதும், பதினைந்து ஆண்டு கடந்த வண்டி ஒன்று மறுபதிவுக்கு வரும்போதும், பரிசோதனைப் படிவத்தோடு ஒரு தனித் தாளை இணைக்க வேண்டும். இரு பக்கத்துச் சக்கர இடைத்தூரம், தரையிலிருந்து இரு பக்கத்து முன் உயரம், ஸ்பிரிங் கம்பியின் பருமனும் சுற்றும், ஷிம் தகடுகளின் எண்ணிக்கை, மரை உள்ள வண்டியாயின் எந்தப் பக்கம் எந்த மரை என்பவற்றை அளந்து அந்தத் தாளில் எழுதி, அளந்தவர் கையொப்பமிட வேண்டும். மத்திய அரசாங்கத்தின் விதி திருத்தப்படும் வரை இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பரிசோதனை செய்யும் அதிகாரிக்கு வண்டி சாலைக்குத் தகுதியுடையதா என்று பார்க்கும் பொறுப்பு இப்போதே இருக்கிறது. அளவு நாடாவும், ஜாக்கியும், வெர்னியர் அளவுகோலும், டார்ச் விளக்கும் இருந்தால், பழகிய ஒருவருக்கு வண்டி ஒன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. வரும் மழைக்காலத்துக்கு முன்னால், இந்த நகரத்தில் ஓடும் நிலையில் உள்ள பழைய வண்டிகளையாவது அழைத்துத் தொடங்கலாம்.